கொதிப்பின் எல்லையை வீட்டு மேசையில் அளப்பது எப்படி?

அம்பாறைப் பக்கம் அரிசி ஆலைகளில் நெல் அவிக்கிற கொதிகலனைப் பார்த்திருப்பீர்கள். உமி நெருப்பு படுகிற இரும்பு சிவந்து தளர்ந்துபோகாமல் இருப்பது, மறுபக்கம் கொதிக்கிற தண்ணீர் சூட்டை உடனே இழுத்துவிடுவதால்தான். அந்த இழுவைக்கும் ஓர் எல்லை உண்டு, அதைத் தாண்டினால் உலோகம் திடீரெனச் சிவந்துவிடும். 1934இல் ஜப்பானிய ஆய்வாளர் ஷிரோ நுகியாமா, தண்ணீருக்குள் மெல்லிய கம்பியைச் சூடாக்கி அதைக் காட்டினார். அதையே நான் மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் வீட்டு மேசையில் செய்துபார்த்தேன்.

வேண்டியவை: 0.3 மி.மீ. நைக்குரோம் கம்பி (ஹீற்றர் சுருளில் இருக்கிற நிக்கல்-குரோமியக் கலவை), சூடு தாங்கும் கண்ணாடி பீக்கர், ஹொட் பிளேட், 30 வோல்ற் 10 அம்பியர் பவர் சப்ளை, மல்டிமீற்றர், தடித்த செப்பு வயர், கண்ணுக்குக் கண்ணாடி. பழைய கொம்பியூட்டர் சப்ளை போதும் என்று சொல்வார்கள். வேண்டாம், கரண்டைக் கூட்டிக் குறைக்க வழியில்லாவிட்டால் மினக்கெட்டதுதான் மிச்சம்.

தண்ணீருக்குப் பற்றரித் தண்ணி (உப்பு நீக்கிய தண்ணீர், அசிட் அல்ல) வாங்குங்கள். எங்கள் கிணத்துத் தண்ணியில் அரைமணி நேரத்திலேயே கம்பியில் வெள்ளைப் படிவு ஏறிவிட்டது. முதலில் இருபது நிமிடம் நன்றாகக் கொதிக்கவிடுங்கள். 60 பாகையிலேயே கம்பியில் ஒட்டுகிற குமிழி கரைந்திருந்த காற்று. அதைக் கொதிப்பு என்று எழுதி வைத்துவிடாதீர்கள்.

10 செ.மீ. கம்பியைக் கிடையாகப் பிடித்து, இரு முனையையும் செப்பு வயரோடு ஸ்க்ரூ கொனெக்டரில் இறுக்குங்கள். கம்பி கண்ணாடியில் முட்டக்கூடாது.

நான் இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டது அடுத்த இடத்தில்தான். சப்ளையின் திரையில் தெரிகிற வோல்றை அப்படியே கணக்கில் போட்டேன். 6 அம்பியரில் திரை 10.9 வோல்ற் என்றது. மல்டிமீற்றரின் இரு ஊசியையும் நைக்குரோமின் முனைகளிலேயே வைத்தபோது 9.4 தான். மீதி வயரிலும் மூட்டிலும் போய்விட்டது. கரண்ட் எங்கே அளந்தாலும் ஒன்றுதான், அதனால் அதற்குச் சப்ளைத் திரை போதும். வோல்றை மட்டும் கம்பியின் மேலேயே அளக்கவேண்டும்.

கணக்கு சின்னது: கம்பி சதுர மீற்றர் ஒன்றுக்கு எத்தனை வாட்ஸ் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்கிறது என்பதுதான். கம்பியின் மேற்பரப்பு 3.14 × 0.0003 × 0.1, அதாவது 0.0000942 சதுர மீற்றர். 9.4 வோல்றை 6ஆல் பெருக்கினால் 56.4 வாட்ஸ். மேற்பரப்பால் பிரித்தால் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 6 இலட்சம் வாட்ஸ். திரையை நம்பியிருந்தால் 7 இலட்சத்தைத் தொட்டிருக்கும்.

இப்போது ஹொட் பிளேட்டை அணைக்காமல், அரை அம்பியராகக் கூட்டி ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் பொறுங்கள். 2 அம்பியரில் ஓரிரு புள்ளியிலிருந்து மட்டும் மணி கோர்த்தாற்போல் குமிழி எழும். 5இல் கம்பியே தெரியாது, இரைச்சல்தான். 7க்குப் பிறகு 0.1 ஆகக் கூட்டுங்கள், ஒரு கை சுவிட்சிலேயே இருக்கட்டும். எனக்கு 7.4இல் நடுவில் ஓர் அங்குலம் திடீரெனச் சிவந்தது. தண்ணீருக்குள்ளே! உடனே நிறுத்தினேன். அது சதுர மீற்றருக்கு 9 இலட்சம் வாட்ஸ், அதுதான் எல்லை. அகலமான தட்டுக்குப் பாடநூல் சொல்வது 10 இலட்சத்தைச் சுற்றி. மெல்லிய கம்பியில் கொஞ்சம் மாறும்.

காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த துளி உடனே ஆவியாகிப்போகாமல் உருண்டோடுமே, அதே சங்கதிதான். ஆவி ஒரு படலமாகச் சூழ்ந்துகொள்ள, தண்ணீர் கம்பியைத் தொடமுடியாமல் போகிறது. (கம்பியின் வெப்பநிலையையும் அதன் மின்தடையை வைத்து அறியலாமா என்றால், நைக்குரோமில் சரிவராது. சூட்டுக்கு அதன் தடை அசைவதே இல்லை என்கிற மாதிரி. அதற்குப் பிளாற்றினம் வேண்டும், விலையைக் கேட்டுவிட்டு விட்டுவிட்டேன்.)

பின்சேர்க்கை: ஒலுவிலில் பொறியியல் படிக்கிற தம்பி ஒருவர், "அண்ணா, 10 அம்பியர் வரைக்கும் போயும் சிவக்கவே இல்லை" என்று எழுதியிருந்தார். விசாரித்தால் தண்ணீர் 70 பாகையில் இருந்திருக்கிறது. ஆறின தண்ணீர் ஆவியை உடனுக்குடன் ஒடுக்கிவிடும், எல்லை மேலே ஏறும். 100 பாகையில் வைத்துத் திரும்பச் செய்யச் சொன்னேன், சிவந்ததாம்.

இன்னொருவருக்கு முதலை கிளிப்பின் பிளாஸ்ரிக் உருகியிருக்கிறது. ஸ்க்ரூ கொனெக்டர் என்று சொன்னது அதற்காகத்தான். ஒருதரம் சிவந்த கம்பியையும் திரும்பப் பாவிக்காதீர்கள். கறுத்த மேற்பரப்பில் எண்ணிக்கை வேறாக வரும்.