ஒரு ஸ்லாஷ் முழுங்கிய காதுகுத்து

மன்னார்குடியில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கோயில் நோட்டீஸ், இதுதான் பிழைப்பு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து, எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர இரண்டு வாரம் ஆனது. வந்த அன்று கம்ப்யூட்டரைப் போட்டால் ஹார்டு டிஸ்க் டிக் டிக் என்றது. அவ்வளவுதான். தை மாதப் பத்திரிகைகள் பாதி அதற்குள் இருந்தன.

அதற்கப்புறம்தான் ஆர்சிங்க் பழகினேன். ஃபைல்களை இன்னொரு டிஸ்குக்குப் பிரதி எடுக்கும் கருவி, 1996இல் வந்த பழையது. விண்டோஸுக்குப் பதிலாக நான் போட்டிருக்கும் லினக்ஸ் மின்டில் கூடவே வருகிறது.

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஜன்னலான டெர்மினலைத் திறங்கள். மச்சானுக்குப் போனில் சொன்ன மாதிரியே சொல்கிறேன். ஆர், எஸ், ஒய், என், சி, எல்லாம் சின்ன எழுத்து. இடைவெளி. கழித்தல் குறி, அதை ஒட்டியே ஏ, வி. மறுபடி இடைவெளி. இப்போது பிரதி எடுக்கவேண்டிய ஃபோல்டரை மவுஸால் இழுத்து டெர்மினலுக்குள் போடுங்கள், முகவரி தானாக விழும். அடுத்து, வெளி டிஸ்கில் இதற்கென்றே திறந்த ஃபோல்டரை அதேபோல் இழுத்துப் போடுங்கள். என்டர் தட்டும்முன் "இதிலிருந்து, அதுக்கு" என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மாறிப்போனால் டிஸ்கில் இருக்கும் பழைய பிரதி, நீங்கள் வேலை செய்யும் ஃபோல்டருக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

முதல் தடவை நேரம் பிடிக்கும். மறுநாள் முதல் அளவோ தேதியோ மாறிய ஃபைல்களை மட்டும்தான் தொடும். எனக்கு, கடையைக் கூட்டி முடிப்பதற்குள் ஆகிவிடுகிறது.

கம்ப்யூட்டரில் அழித்தது டிஸ்கிலும் அழியவேண்டும் என்றால், ஏ, வி-க்குப் பிறகு ஓர் இடைவெளி விட்டு, இரண்டு கழித்தல் குறியும் அதை ஒட்டியே 'டிலீட்' என்ற ஆங்கிலச் சொல்லும் சேர்க்கவேண்டும். இங்கேதான் எனக்கு அடி விழுந்தது. முதலில் போடும் முகவரியின் கடைசியில் ஸ்லாஷ், அதாவது / என்ற சாய்கோடு, இல்லையென்றால், 'வேலை' ஃபோல்டர் அப்படியே ஃபோல்டராகப் போய் உட்காரும். ஸ்லாஷ் இருந்தால் உள்ளே இருப்பவை மட்டும் கொட்டும். நான் ஸ்லாஷ் வைத்து, தனி ஃபோல்டர்கூடத் திறக்காமல், டிஸ்கின் தலைமாட்டிலேயே கொட்டினேன், டிலீட்டும் சேர்த்து. 'வேலை'யில் இல்லாததெல்லாம் வேண்டாதது என்று எடுத்துக்கொண்டு, அதே டிஸ்கில் இருந்த மகளின் காதுகுத்து போட்டோக்களைத் துடைத்துவிட்டது. அதன்மேல் என்ன தப்பு? சொன்னதைச் செய்தது. மச்சான் வாட்ஸ்அப்பில் இருந்த பத்துப் பன்னிரண்டு மங்கல் படங்கள்தான் மிச்சம். வீட்டில் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

அதனால் டிலீட் போடும் நாளில் ஏ, வி-யுடன் 'என்' என்ற எழுத்தையும் ஒட்டி ஒருமுறை ஓட்டுங்கள். எதையும் தொடாது, என்ன செய்யப்போகிறது என்று பட்டியல் மட்டும் காட்டும். 'டிலீட்டிங்' என்று தொடங்கும் வரிகளை நிதானமாகப் படியுங்கள். சரி என்று பட்டால், மேல்நோக்கிய அம்புக்குறியைத் தட்டி, 'என்'னை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். நான் இதை மாதம் ஒருமுறைதான் செய்கிறேன்.

வேலை முடிந்ததும் டிஸ்கைக் கழற்றிவிடுங்கள். எங்கள் ஊர் வோல்டேஜை நம்பிச் செருகியே வைக்க முடியாது. இன்னொரு டிஸ்க் தஞ்சாவூரில் தங்கை வீட்டில் இருக்கிறது. போன மாதம் அவள் மகன் லேப்டாப்பில் அதைச் செருகி ஒரு பத்திரிகையைத் திறந்து பார்த்தேன். பிள்ளையார் படம் சரியாக இருந்தது. தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கிடந்தன. ஃபான்ட் ஃபோல்டரை நான் பிரதி எடுக்கவே இல்லை. இப்போது அதற்கும் ஒரு வரி அடிக்கிறேன்.