ஸ்லாப்பில் உள்ள கார்டை விற்கும்போது குறையை எழுதுவது எப்படி?

"பிஎஸ்ஏ 7, சூப்பர் கண்டிஷன்." இந்த ஒற்றை வரியோடுதான் என் முதல் ஸ்லாப்பை விற்றேன். ஸ்லாப் என்றால், கிரேடிங் கம்பெனி பரிசோதித்து, கிரேடு போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரும் விளையாட்டு வீரர் கார்டு. பிஎஸ்ஏ அப்படி ஒரு கம்பெனி; 7 என்பது பத்துக்கு அது போட்ட கிரேடு. பத்தாம் நாள் திரும்பி வந்துவிட்டது. கார்டில் சொல்லும்படி ஒன்றுமில்லை. ஆனால் பிளாஸ்டிக் உறையில், ஆட்டக்காரர் முகத்துக்கு நேர் மேலே, நீளமாக ஒரு கீறல். பார்த்துப் பார்த்து என் கண்ணுக்குப் பழகிவிட்டது; வாங்கியவர் கண்ணில் அதுதான் முதலில் பட்டிருக்கிறது. போக வரத் தபால் செலவு என் தலையில்.

கிரேடு என்பது பரிசோதித்த அன்று கம்பெனி சொன்ன கருத்து. ஒரே 7 வாங்கிய இரண்டு கார்டுகளைப் பக்கத்தில் வைத்தால் ஒன்று லட்சணமாக இருக்கும், மற்றது ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். அந்த வித்தியாசத்தைத்தான் நாம் எழுத வேண்டும். உதாரணத்துக்கு டாப்ஸ் என்ற கார்டு கம்பெனியின் 1971 பேஸ்பால் வரிசையில் 513-ஆம் எண், பந்து வீச்சாளர் நோலன் ரையனின் கார்டை எடுத்துக்கொள்வோம். கறுப்பு பார்டர், துளி உதிர்ந்தாலும் வெள்ளையாகப் பல்லிளிக்கும். பழக இதைவிட நல்ல கார்டு கிடையாது.

படி 1: லேபிளை முழுசாகப் படியுங்கள்

சான்றிதழ் எண்ணை கம்பெனியின் இணையதளத்தில் போட்டு, அங்கே வரும் விவரமும் கையில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். பிஎஸ்ஏ லேபிளில் கிரேடு எண்ணோடு ஓசி, எஸ்டி, எம்கே போன்ற எழுத்துகள் இருக்கலாம். ஓசி என்றால் படம் நடுவில் இல்லை, எஸ்டி கறை, எம்கே பேனா அல்லது பென்சில் குறி. "8 ஓசி" என்பதைத் தலைப்பில் வெறும் "8" என்று போடுவது பச்சைப் பொய். எழுத்து இல்லாததாலேயே குறை இல்லை என்றும் ஆகாது: எழுத்து வேண்டாம் என்று கேட்டு, அதற்குப் பதில் குறைந்த கிரேடு வாங்கியவர்களும் உண்டு.

படி 2: கீறல் உறையிலா, கார்டிலா?

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். மைக்ரோஃபைபர் துணியால் உறையைத் துடையுங்கள். மேஜை விளக்கின் கீழே பிடித்து மெதுவாகச் சாயுங்கள். கீறல் படத்தின் மேல் இடம் மாறுவதுபோல் தெரிந்தால் அது பிளாஸ்டிக்கில். படத்தில், உதாரணமாக ஆட்டக்காரர் தொப்பியின் விளிம்பிலேயே ஒட்டிக்கொண்டு நகராமல் இருந்தால் கார்டில். நகத்தை லேசாக ஓட்டினால் தட்டுப்படுகிறதா? அப்படியானால் உறையின் வெளிப்பக்கம். உறையின் மூலை விரிசலையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: சென்டரிங்கை அளந்து போடுங்கள்

சென்டரிங் என்றால் படம் கார்டின் நடுவில் எவ்வளவு சரியாக உட்கார்ந்திருக்கிறது என்பது. ஸ்கேன் செய்து, திரையில் இடது வலது பார்டர்களை அளவெடுங்கள். இடது 3 மி.மீ., வலது 2 மி.மீ. என்றால் மொத்தம் 5; அதாவது 60/40. மேல் கீழுக்கும் இதே கணக்கு. "நல்ல சென்டரிங்" என்று எழுதினால் ஆளுக்கொரு அர்த்தம் எடுப்பார்கள். 60/40 என்றால் வாதமே இல்லை.

படி 4: இரண்டு விதமாகப் படம் எடுங்கள்

ஸ்கேன் மூலையைக் காட்டும், மேற்பரப்புக் கீறலை விழுங்கிவிடும். அதனால் விளக்கொளி சாய்வாக விழும் போட்டோ ஒன்றும் வேண்டும். பின்பக்கத்தை மறக்காதீர்கள்.

படி 5: எழுதுங்கள்

கிரேடு, கார்டின் குறை, உறையின் குறை, இந்த வரிசையில். இப்படி:

"1971 டாப்ஸ் நோலன் ரையன், பிஎஸ்ஏ 7. இடது வலது 60/40. கீழ் வலது மூலையில் வெள்ளைப் புள்ளி தெரியும். இடது ஓரத்தில் இரண்டு இடங்களில் கறுப்பு லேசாக உதிர்ந்திருக்கிறது. மடிப்போ கறையோ என் கண்ணுக்குத் தெரியவில்லை. உறையின் முன்பக்கம் ஒரு கீறல், மூன்றாவது படம் பார்க்க."

"7 ஆனாலும் 9 மாதிரி" என்ற வரி வேண்டவே வேண்டாம். இந்த 1971 கார்டில் தெரியும் கையெழுத்து அச்சில் வந்தது. "கையெழுத்திட்டது" என்று எழுதி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

ஓரம் வெட்டியது, கறுப்பு மார்க்கரால் தீட்டியது தெரிந்திருந்தால், ஸ்லாப்பில் எந்த எண் இருந்தாலும் சொல்லிவிடுங்கள். பழைய சிகரெட் பாக்கெட்டுகளில் வந்த டி206 வரிசையில், பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் உலகப் புகழ்பெற்ற கார்டு ஒன்று பிஎஸ்ஏ 8 வாங்கியது. அதன் பக்க ஓரங்களை வெட்டியது தான்தான் என்று ஏல வியாபாரி பில் மாஸ்ட்ரோ 2013-ல் ஒப்புக்கொண்டார்.

படி 6: கேள்வி வந்தால்

"மூலை எப்படி?" என்று ஒருவர் கேட்டால் அவருக்கு மட்டும் பதில் போட்டு விடாதீர்கள், விவரத்திலும் சேர்த்துவிடுங்கள். கட்டிக் கொடுக்கும் முன், சான்றிதழ் எண் தெளிவாகத் தெரியும்படி நான்கு மூலைகளையும் ஒருமுறை போட்டோ எடுங்கள். ஸ்லாப் தபாலில் விரிசல் விடுவது சகஜம். விரிசல் எங்கே விழுந்தது என்று பேச அந்தப் படம்தான் கையில் இருக்கும்.