கிரேப் பேப்பரில் ஒரு செம்பருத்தி

காகிதப் பூ என்றதும் பலரும் ரோஜாவில்தான் ஆரம்பிக்கிறார்கள். என்னைக் கேட்டால், முதல் பூவுக்குச் செம்பருத்திதான் சரி. ஐந்தே இதழ்கள், நடுவில் ஒரு தண்டு, அவ்வளவுதான்.

கத்தரிக்கோலை எடுக்கும் முன் ஒற்றை அடுக்குச் செம்பருத்தி ஒன்றைப் பறித்து, இதழ் இதழாகப் பிரித்துப் பாருங்கள். இந்த வேலையை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். ஒவ்வொரு இதழும் ஒரு பக்கம் அடுத்த இதழின் மேலும், மறுபக்கம் இன்னொன்றின் அடியிலும் இருக்கும். அடிப்பக்கம் கருஞ்சிவப்பு. தண்டின் மேல்பாதியில் மஞ்சள் மகரந்தப் பைகள், நுனியில் ஐந்து சிவப்புப் பொட்டுகள். ஓர் இதழை அட்டையில் வைத்து வரைந்து வெட்டினால் அளவு கிடைத்துவிடும்.

1. நடுத்தண்டு: அரை செ.மீ. நீளச் சிவப்பு நூல் ஐந்தை நுனியில் முடிச்சிட்டு, கம்பியின் தலையில் ஒட்டுங்கள். கீழே 8 செ.மீ. வரை சிவப்புக் கிரேப் பேப்பர் (சுருக்கங்கள் உள்ள, இழுத்தால் நீளும் காகிதம்) பட்டையைச் சுற்றுங்கள். ரவையில் மஞ்சள் தூளைக் கலந்து வையுங்கள். தண்டின் மேல்பாதியில் ஃபெவிகால் தடவி ரவையில் புரட்டினால் மகரந்தம் தயார். நன்றாகக் காயட்டும்.

2. இதழ்: கிரேப் பேப்பரின் சுருக்கக் கோடுகள் இதழின் அடியிலிருந்து நுனிக்கு ஓட வேண்டும். நான் முதலில் குறுக்காக வெட்டிவிட்டேன். எவ்வளவு இழுத்தும் இதழ் குழியவே இல்லை. ஐந்தையும் வெட்டி, அடியில் கருஞ்சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் கீற்றுகள் போடுங்கள்.

3. உயிர் கொடுப்பது: பூ நிஜமாவது இங்கேதான், அவசரப்படாதீர்கள். இதழை நீளவாக்கில் விசிறி மடிப்பாக மடித்து, லேசாக முறுக்கி, பிரியுங்கள். நரம்புகள் தெரியும். அப்புறம் இரண்டு கட்டைவிரல்களாலும் நடுப்பகுதியைப் பக்கவாட்டில் மெல்ல இழுத்துக் குழியாக்குங்கள். ஓரத்தை விரல் நுனியால் அங்கங்கே இழுத்தால் அலை வரும். எல்லா இதழையும் ஒரே மாதிரி செய்ய வேண்டாம். செடியில் எந்த இதழும் அப்படி இருப்பதில்லை.

4. கோப்பது: இதழின் அடியில் கொஞ்சமாகப் பசை தடவுங்கள், ஈரம் பட்டால் சாயம் இறங்கும். தண்டின் அடியில், சிவப்புப் பட்டை முடியும் இடத்தில், முந்தைய இதழின் மேல் பாதி படியுமாறு வரிசையாக ஒட்டுங்கள். ஐந்தாவதன் ஓரம் முதல் இதழுக்கு அடியில் போக வேண்டும். நூலால் இறுக்கிக் கட்டுங்கள்.

5. பச்சை: இதழ்களுக்கு அடியில், பச்சைக் கிரேப் பேப்பரில் ஐந்து முனையுள்ள கிண்ணம் ஒன்று, அதற்குக் கீழே ஆறேழு மெல்லிய கீற்றுகள். இந்தக் கீற்றுகளைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், இருந்தால்தான் செம்பருத்தி. கம்பி முழுக்கப் பச்சைப் பட்டையைச் சாய்வாக இழுத்துச் சுற்றுங்கள். இலையின் ஓரத்தைப் பல் பல்லாக வெட்டுங்கள்.

செம்பருத்தி பெரும்பாலும் ஒரே நாளில் வாடிவிடும். அதனால் ஒரு கிளைக்கு ஒரு விரிந்த பூ போதும். பக்கத்தில் குடை மடித்ததுபோல் முறுக்கிய மொட்டு ஒன்றை வையுங்கள், நாளைக்குப் பூப்பதற்கு.