பழைய காரின் பெயின்டை முதல் முறை பாலிஷ் செய்வது எப்படி?

பழைய காரின் பெயின்ட் மங்குவதற்கு முக்கியமான காரணங்கள் இரண்டு. வெயில் வருடக்கணக்கில் மேற்பரப்பை வெளிற வைக்கிறது. தூசி படிந்த காரைத் துணியால் துடைத்துத் துடைத்து விழுந்த மெல்லிய கீறல்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன. இந்த வெளிறிய, கீறிய பரப்பை மிக மெல்லிசாகத் தேய்த்து எடுத்துவிட்டு, அடியில் இருக்கும் நல்ல பெயின்டை வெளியே கொண்டுவருவதுதான் பாலிஷ். அதாவது ஒவ்வொரு முறை பாலிஷ் செய்யும்போதும் கொஞ்சம் பெயின்ட் போகிறது.

எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால்தான் எவ்வளவு எடுக்கலாம் என்பது புரியும். தொழிற்சாலையில் அடித்த பெயின்ட், அடியில் இருக்கும் ப்ரைமர் முதல் நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமற்ற கிளியர் கோட் வரை எல்லாம் சேர்த்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். ஏறக்குறைய ஒரு ஜெராக்ஸ் தாளின் கனம். அதில் நாம் கைவைக்கும் கிளியர் கோட் 40, 50 மைக்ரான் இருக்கலாம். பழைய கார் என்றால் அதிலும் ஒரு பகுதியை முந்தைய பாலிஷ்கள் தின்றிருக்கும். அதனால் முதல் முறை செய்பவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான்: எவ்வளவு குறைவாக எடுத்து வேலையை முடிக்க முடியுமோ, அவ்வளவு குறைவாக எடுங்கள்.

முதலில் பெயின்டைப் படியுங்கள்

காரைக் கழுவிக் காயவைத்துவிட்டு, எல்இடி டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து ஒவ்வொரு பேனலாகப் பாருங்கள். விளக்கைச் சுற்றி சிலந்தி வலைபோல் வட்டவட்டமாகத் தெரிபவை மெல்லிய கீறல்கள். இவை பாலிஷுக்குப் போகும். விரல் நகத்தை மெதுவாக ஓட்டும்போது நகம் சிக்குகிற கீறல் ஆழமானது, அது பாலிஷில் போகாது. அதைத் துரத்திக்கொண்டு போனால் சுற்றியிருக்கும் நல்ல பெயின்டும் போய்விடும். அது அங்கேயே இருக்கட்டும்.

ரூஃபிலோ பானெட்டிலோ வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள், ஓரத்தில் தோல்போல் உரிந்து நின்றால் கிளியர் கோட் செத்துவிட்டது என்று அர்த்தம். எந்தப் பாலிஷும் அதை மீட்காது. அந்த பேனலுக்கு மறுபடி பெயின்ட் அடிப்பதுதான் வழி. மெஷின் வைத்தால் உரிவது இன்னும் பெரிதாகும்.

அடுத்து, உங்கள் காரில் கிளியர் கோட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1980களில்தான் கிளியர் கோட் பரவலானது. அதற்கு முந்தைய பல கார்களிலும், பிந்தைய சில வெள்ளை, சிவப்பு கார்களிலும்கூட நிறமே மேல் அடுக்கு. சோதிப்பது சுலபம். கண்ணில் படாத ஓர் இடத்தில், கதவின் கீழ்ப்பகுதி மாதிரி, வெள்ளைத் துணியில் (வெள்ளை கார் என்றால் கறுப்புத் துணியில்) துளி பாலிஷ் தொட்டு லேசாகத் தேயுங்கள். துணியில் கார் நிறம் ஏறினால் ஒற்றை அடுக்கு பெயின்ட். ஏறாவிட்டால் கிளியர் கோட். ஒற்றை அடுக்கில் வேலை செய்யும்போது துணியும், மெஷினில் மாட்டும் ஃபோம் பேடும் முழுக்க நிறமாகும், பயப்பட வேண்டாம். ஆனால் பேடு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். மிகப் பழைய பெயின்டுகளில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் மாஸ்க்கும் கையுறையும் கட்டாயம்.

பெயின்ட் கனத்தை அளக்கும் கருவி இரவல் கிடைத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற பேனல்களைவிட எண் மிகக் குறைவாகக் காட்டும் இடத்தில் பாலிஷ் செய்யாதீர்கள். மிக அதிகமாகக் காட்டினால் அங்கே பட்டி பார்த்து மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள். கருவி இல்லையென்றால் எல்லா இடத்திலும் பெயின்ட் மெல்லிசுதான் என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள்.

கழுவுவது, கிளே போடுவது

இரண்டு வாளி எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் கார் ஷாம்பூ, ஒன்றில் வெறும் தண்ணீர். துணியை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசிய பிறகே ஷாம்பூவில் நனைக்க வேண்டும். மேலிருந்து கீழாகக் கழுவுங்கள், அழுக்கு அதிகமுள்ள அடிப்பகுதி கடைசியில்.

கழுவிய பெயின்ட் மேல் கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு தடவிப் பாருங்கள். வெறும் கையில் வழவழப்பாகத் தெரிந்த இடம் சொரசொரவென்று இருக்கும். பிரேக்கிலிருந்து பறந்து ஒட்டிய இரும்புத் துகள், தார், மரப்பிசின் எல்லாம் அது. இரும்புத் துகளுக்கான ஸ்ப்ரேயை அடித்தால் துகள் இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறத்தில் வழியும். காய விடாமல் கழுவிவிடுங்கள். மிச்சத்துக்கு கிளே பார், அதாவது ஒட்டிய அழுக்கைப் பிடுங்கி எடுக்கும் களிமண் போன்ற கட்டி. வழுக்கலுக்கான திரவத்தைத் தாராளமாக அடித்து, அழுத்தாமல் நேர்கோட்டில் ஓட்டினால் போதும். சத்தம் நின்று வழுக்கிக்கொண்டு போக ஆரம்பித்தால் அந்த இடம் முடிந்தது. கிளே தரையில் விழுந்தால் எடுத்துத் துடைத்துப் பயன்படுத்தாதீர்கள், தூக்கிப் போட்டுவிடுங்கள். அதில் ஒட்டிய ஒரு மணல் போதும், பானெட் முழுக்கக் கோடு போட.

அப்புறம் மாஸ்கிங் டேப். ரப்பர் பீடிங், கறுப்பு பிளாஸ்டிக், எழுத்துகள், பேனல் ஓரங்கள், பேனலில் கூர்மையாக மடியும் கோடுகள் எல்லாவற்றின் மேலும் ஒட்டுங்கள். ஓரங்களிலும் மடிப்புகளிலும்தான் பெயின்ட் மிக மெல்லிசாக இருக்கும். பெயின்டைத் தாண்டிப் போய்விடுகிற விபத்து பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது.

எந்த மெஷின்?

டூயல் ஆக்ஷன் மெஷின், வேறு எதுவும் வேண்டாம். அது சுழன்றுகொண்டே ஆடும், ஓரிடத்தில் சூட்டைக் குவிக்காது. ரோட்டரி மெஷின் வேகமாக வேலை செய்யும், ஆனால் கை பழகாதவரிடம் சில நொடிகளில் பெயின்டைச் சுட்டுவிடும். கையாலேயே செய்ய விரும்பினால் அதுவும் நடக்கும். வெளிறல் நன்றாகவே போகும், கீறல்கள் ஓரளவுக்குத்தான் குறையும்.

5 இன்ச் ஃபோம் பேடுகளில் நடுத்தரமானதும் மென்மையானதும், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று வாங்குங்கள். நடுத்தர பாலிஷ் ஒரு பாட்டில். பாலிஷைவிடக் கடுமையாகத் தேய்க்கும் கம்பவுண்டை முதல் நாளே திறக்க வேண்டாம். சுத்தமான மைக்ரோஃபைபர் துணிகள் நிறைய வேண்டும், இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. மெஷினில் பேடு ஒட்டும் வட்டத் தட்டான பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவையுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

சோதனைச் சதுரம்

இந்தப் படியைத் தாண்டவே கூடாது. நிழலில், பேனல் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும்போது, பானெட்டின் நடுவில் சுமார் 50 சென்டிமீட்டர் சதுரத்தை டேப்பால் பிரித்துக்கொள்ளுங்கள். மென்மையான பேடு, நடுத்தர பாலிஷ் என்று ஆரம்பியுங்கள். பட்டாணி அளவில் நான்கு சொட்டுகளைப் பேடில் வையுங்கள். மெஷினை ஆன் செய்வதற்கு முன் பேடைப் பெயின்ட் மேல் வைத்துவிட வேண்டும், இல்லையென்றால் பாலிஷ் சுவரெல்லாம் தெறிக்கும். வயர் தோளுக்குப் பின்னால் கிடக்கட்டும்.

குறைந்த வேகத்தில் சதுரம் முழுக்கப் பரப்பிவிட்டு, 6 வேகமுள்ள மெஷினில் 4க்கோ 5க்கோ ஏற்றுங்கள். இனி கை மெதுவாகப் போக வேண்டும், நொடிக்கு 2, 3 சென்டிமீட்டர். புதியவர்கள் எல்லோரும் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். இடமிருந்து வலம் போகும் ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையின் பாதியை மூட வேண்டும். அது முடிந்ததும் மேலிருந்து கீழ். இப்படி நான்கைந்து சுற்று. மெஷினின் எடையோடு லேசான அழுத்தம் போதும்.

மார்க்கர் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருங்கள். கோடு சுற்றுகிறது என்றால் வேலை நடக்கிறது. ஒரே இடத்தில் நின்று அதிர்ந்தால் பேடு சாய்ந்திருக்கிறது, அல்லது அழுத்தம் அதிகம். வளைவான இடங்களில் இது அடிக்கடி நடக்கும். பேடைச் சமமாக்கினால் மறுபடி சுற்ற ஆரம்பிக்கும்.

பாலிஷ் கண்ணாடிபோல் மெலிந்ததும் நிறுத்தித் துடையுங்கள். உடனே சந்தோஷப்பட வேண்டாம். பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறல்களை நிரப்பி மறைக்கும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலை 10 முதல் 15 சதவீதம் வருமாறு தண்ணீரில் கலந்து அடித்துத் துடைத்த பிறகு டார்ச் பிடித்துப் பாருங்கள். அப்போது தெரிவதுதான் உண்மை.

நூற்றுக்கு எழுபது, எண்பது கீறல் போயிருந்தால் போதும், அதே கூட்டணியில் கார் முழுக்கச் செய்யலாம். போதாது என்றால் முதலில் பேடை நடுத்தரமாக மாற்றுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால்தான் கம்பவுண்ட். கம்பவுண்ட் போட்ட இடத்தில் புகைபோல் ஒரு மங்கல் நிற்கும், அதை மென்மையான பேடும் நடுத்தர பாலிஷும் எடுத்துவிடும். மிச்சமுள்ள கீறலை நினைத்து மனம் கேட்காதுதான். ஆனால் அந்தக் கடைசி இருபதை எடுக்கச் செலவாகும் பெயின்ட், முதல் எண்பதுக்குச் செலவானதைவிட அதிகமாக இருக்கலாம்.

முழுக் காரும்

ரூஃபிலிருந்து கீழே இறங்குங்கள். ஒவ்வொரு சதுரத்துக்குப் பிறகும் பேடைச் சின்ன பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள், ஓரிரண்டு பேனலுக்கு ஒருமுறை பேடையே மாற்றுங்கள். ஊறிப்போன பேடு வெட்டாது, சூடுதான் ஏற்றும். இரும்பு பேனல் சூட்டைப் பரப்பிவிடும், பிளாஸ்டிக் பம்பர் அப்படிச் செய்யாது. அங்கே வேகத்தைக் குறைத்து, இடையிடையே கையால் தொட்டுப் பாருங்கள். ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. களைத்த கை மெஷினைச் சாய்க்கும்.

கடைசியாகப் பாதுகாப்பு அடுக்கு

பாலிஷ் செய்த பெயின்ட் இப்போது வெறுமையாக நிற்கிறது. கடைசியாக ஒருமுறை ஆல்கஹால் கலவையால் துடைத்துவிட்டு, வாக்ஸோ சீலன்ட்டோ போடுங்கள். கார்னாபா வாக்ஸ் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்துக்குள் தேய்ந்துவிடும், சீலன்ட் அதைவிடக் கூடுதலாக நிற்கும். ஒற்றை அடுக்கு பெயின்டுக்கு என் ஓட்டு வாக்ஸுக்குத்தான், நிறம் நன்றாக ஆழமாகும். எதைப் போட்டாலும் மெல்லிசாகப் போடுங்கள். தடிமனாகப் போட்டால் துடைத்து எடுக்கத் தோள் வலிக்கும், வேறு பலன் இல்லை.

பேடுகளை அன்றே வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பிழிந்து அலசிக் காயப் போடுங்கள், காய்ந்த பாலிஷ் பிறகு வராது. மைக்ரோஃபைபர் துணிகளைத் தனியாக, ஃபேப்ரிக் சாஃப்ட்னர் போடாமல் துவையுங்கள். இனிமேல் காரில் தூசி படிந்தால், தண்ணீர் அடித்துத் தூசியை இறக்காமல் துணியை மேலே வைக்காதீர்கள்.