இலையுதிர் காலத்தில் ஆற்றங்கரைக் கூடாரம்: முதல்முறை போகிறவர்களுக்கு

அக்டோபர் வந்தால் நியூஜெர்சித் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சிவப்பும் மஞ்சளுமாக இலைப் படங்கள் குவியும். மறுநாளே யாராவது "கேம்பிங் போகலாமா?" என்று கேட்பார்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. இலை பார்ப்பது பகலில் நாலைந்து மணி நேரம்தான். இருட்டிலும் குளிரிலும் இருக்கப்போவது பன்னிரண்டு மணி நேரம். அந்தப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு எப்படித் தயாராவது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

உதாரணத்துக்கு, பென்சில்வேனியாவின் சல்லிவன் கவுண்டியில் இருக்கும் வேர்ல்ட்ஸ் எண்ட் மாநிலப் பூங்காவை எடுத்துக்கொள்கிறேன். எடிசன் பக்கத்திலிருந்து காரில் சுமார் மூன்று மணி நேரம். 780 ஏக்கர் பூங்கா, அதைச் சுற்றிலும் லாயல்சாக் மாநிலக் காடு, நடுவே லாயல்சாக் ஓடை. பெயர்தான் ஓடை, நம் ஊர்க் கணக்கில் அது ஆறு.

படி 1: இடம் பதிவு செய்வது

பென்சில்வேனியா மாநிலப் பூங்காக்களில் 11 மாதங்களுக்கு முன்பே பதிவு திறந்துவிடும். அக்டோபர் முதல் இரண்டு வார சனிக்கிழமைகள் சீக்கிரம் போய்விடும். ஞாயிறு இரவு கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள், கூட்டமும் குறைவு.

மலைகளுக்கு நடுவே போனில் சிக்னல் இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தையும் பதிவுச் சீட்டையும் வீட்டிலேயே இறக்கி வையுங்கள். பெட்ரோலை நெடுஞ்சாலையிலேயே நிரப்பிவிடுங்கள். இன்னொன்று, இந்த மாநிலப் பூங்காக்களில் மதுவுக்கு அனுமதி கிடையாது.

படி 2: எந்த இடத்தில் கூடாரம்?

எல்லோரும் தண்ணீரை ஒட்டிய இடத்தைத்தான் கேட்பார்கள். படத்துக்கு அழகுதான். ஆனால் குளிர்ந்த காற்று கனமானது. இரவில் மலைச்சரிவு வழியாக இறங்கிப் பள்ளத்தாக்கின் அடியில் போய்த் தேங்கும். அந்த அடிப்பகுதியில்தான் ஆறு ஓடுகிறது. விடியற்காலையில் அங்கே மூடுபனியும் சேர்ந்துகொள்ளும். கொஞ்சம் மேடான இடமாகப் பாருங்கள். ஆற்றுச் சத்தம் அங்கேயும் கேட்கும். கூடாரம் அடிப்பதற்கு முன் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்: பட்டுப்போன கிளை தொங்கினால் வேறு மூலைக்குப் போங்கள்.

பிற்பகல் 3 மணிக்கு இடத்தைக் கொடுப்பார்கள். அக்டோபர் நடுவில் ஆறரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், மலை மறைப்பதால் வெளிச்சம் அதற்கும் முன்பே போய்விடும். எனவே வந்ததும் முதல் வேலை கூடாரம். டீ அப்புறம்.

படி 3: அடியில் என்ன போடுகிறீர்கள்?

புதிதாகப் போகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். மேலே மூன்று கம்பளி போர்த்திக்கொண்டு, அடியில் வெறும் காற்று மெத்தையில் படுப்பார்கள். உடம்புச் சூட்டைத் தரை உறிஞ்சிவிடும். வீட்டில் விருந்தாளிக்கு விரிக்கும் தடித்த காற்று மெத்தை இதற்கு உதவாது. உள்ளே இருக்கும் காற்று சுழன்று சுழன்று சூட்டைத் தரைக்குக் கடத்திக்கொண்டே இருக்கும். கேம்பிங் பாய் வாங்கும்போது அதன் 'ஆர்' மதிப்பைப் (R-value, சூடு தரைக்குப் போகாமல் தடுக்கும் அளவு) பாருங்கள். இந்தப் பருவத்துக்கு 4 இருந்தால் நல்லது. அதற்கும் அடியில் ஒரு ஜமுக்காளம் விரித்தால் இன்னும் நல்லது.

தூக்கப் பையின் மேல் '30 டிகிரி' என்று போட்டிருந்தால், 30 டிகிரி ஃபாரன்ஹீட்டில் சுகமாகத் தூங்கலாம் என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் அது தாக்குப்பிடிக்கும் எல்லை மட்டுமே. சுகமாகத் தூங்குவதற்கான அளவு அதைவிடப் பத்து டிகிரி மேலே இருக்கும். இங்கே இரவு உறைநிலைக்குப் பக்கத்தில் போகும் என்பதால் 20 டிகிரிப் பையாக எடுங்கள்.

படி 4: அடுப்பு

முதல் தடவை நான், நம் வீடுகளில் எல்லாம் இருக்கும் அந்த ஒற்றை பர்னர் பியூட்டேன் அடுப்பை எடுத்துக்கொண்டு போனேன். மாலையில் நன்றாகத்தான் எரிந்தது. காலையில் உப்புமாவுக்கு ரவை வறுக்கும்போதே நீலச் சுடர் சுருங்கிச் சுருங்கி, ஒரு பெருமூச்சு விட்டு அணைந்துவிட்டது. டப்பாவைக் குலுக்கினால் உள்ளே திரவம் தளும்புகிறது! பியூட்டேனின் கொதிநிலை ஏறக்குறைய பூஜ்யம் டிகிரி செல்சியஸ். அந்தக் குளிரில் அது வாயுவாக மாற மறுத்துவிடும். புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே ஒரு பவுண்டு புரோப்பேன் சிலிண்டரில் எரியும் அடுப்பை வாங்குங்கள். தேங்காய் எண்ணெயும் கல்லாக உறைந்துவிடும், நல்லெண்ணெயே போதும்.

எவ்வளவு குளிரினாலும் கூடாரத்துக்குள் அடுப்போ கரியோ பற்ற வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு உயிரையே எடுக்கும் வாயு, அதற்கு வாசனையும் கிடையாது.

படி 5: நெருப்பு

விறகை வீட்டிலிருந்து கொண்டு போகாதீர்கள், பூங்காவுக்குப் பக்கத்திலேயே வாங்குங்கள். ஆஷ் மரங்களைக் கொல்லும் மரகத வண்டு 2007இலும், புள்ளி லேண்டர்ன் பூச்சி 2014இலும் பென்சில்வேனியாவில் கண்டுபிடிக்கப்பட்டன. வண்டின் புழு விறகுக்குள் ஒளிந்து பயணம் செய்யும், லேண்டர்ன் பூச்சியின் முட்டை பட்டையில் ஒட்டிக்கொண்டு வரும்.

ஈர விறகு பற்றிக்கொள்ள நம்மிடம் ஒரு வழி இருக்கிறது: கற்பூரம். சுள்ளிகளைக் குச்சி வீடு மாதிரி அடுக்கி, நடுவே நாலைந்து வில்லை வைத்துக் கொளுத்துங்கள். பக்கத்து இடத்துக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

படி 6: கரடிக்கு வேலை வைக்காதீர்கள்

இது கருங்கரடி நடமாடும் பகுதி. குளிர்காலத் தூக்கத்துக்கு முன் அவை ஓயாமல் தின்னும் மாதங்கள் இவை. சாப்பாடு, ஊறுகாய் பாட்டில், பற்பசை, குப்பைப் பை என வாசனை உள்ள எல்லாம் இரவில் காருக்குள் பூட்டப்பட வேண்டும்.

படி 7: படுக்கும் முன்

பகலில் போட்ட உடையோடு படுக்காதீர்கள். அதில் வியர்வை ஈரம் இருக்கும். உலர்ந்த காலுறை, கம்பளித் தொப்பி, பருத்தி அல்லாத உள்ளாடை என்று முழுக்க மாற்றுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்து, இறுக மூடும் பாட்டிலில் ஊற்றி, ஒரு காலுறைக்குள் போட்டுத் தூக்கப் பையில் கால்மாட்டில் வையுங்கள். விடியற்காலை வரை கதகதப்பாக இருக்கும்.

அப்புறம், கூடாரத்தின் காற்றுத் துளைகளைத் திறந்தே விடுங்கள். குளிருமே என்று மூடினால், நாம் விடும் மூச்சே கூரையில் நீராகி முகத்தில் சொட்டும்.

படி 8: காலையும் கிளம்புவதும்

பனி விலகியதும் பூங்காவின் மலைமேல் இருக்கும் கேன்யன் விஸ்டா என்ற காட்சிமுனைக்குப் போங்கள். காரிலேயே மேலே போய்விடலாம். கீழே வளைந்து போகும் பள்ளத்தாக்கு முழுக்க மேப்பிள், பீச் மரங்கள், நடுநடுவே நிறம் மாறாத ஹெம்லாக் பச்சையும். வேட்டைப் பருவமும் இதுதான், அதனால் காட்டுப் பாதையில் நடப்பதானால் பளிச்சென்ற ஆரஞ்சு நிற மேலுடை போட்டுக்கொள்ளுங்கள்.

குளிர் வந்தால் உண்ணி இருக்காது என்பது தவறு. லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணியின் வளர்ந்த பூச்சிகள் அக்டோபர், நவம்பரில்தான் அதிகம் அலையும். வீட்டுக்கு வந்ததும் குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, அக்குள், குழந்தைகளின் காதுக்குப் பின்புறம் எல்லாம் தடவிப் பாருங்கள். ஈரமான கூடாரத்தை அன்றைக்கே பால்கனியில் விரித்துக் காயப்போடுங்கள். என் மனைவி அதன்மேல் வடகம் காயவைக்கலாமா என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.