உப்புக்காற்றில் பழுதான தொட்டி அளவி
காசிமேட்டில் எங்கள் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் நீர்மட்டத்தைக் கைப்பேசியில் காட்டுவதற்காக நான் பொருத்தியிருந்த ஈஎஸ்பி8266 (வைஃபை வசதியுள்ள சிறு கட்டுப்பாட்டுச் சில்லு) கருவி, மூன்றே மாதங்களில், தொட்டி நிரம்பி வழியும்போதும் காலி என்று காட்டத் தொடங்கியது. நிரலில்தான் பிழை என்று எண்ணி இரண்டு இரவுகள் தேடிய பிறகே பெட்டியைத் திறந்தேன். செருகி இணைக்கும் ஜம்பர் கம்பிகளின் முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது, ஒலியை அனுப்பி, அதன் எதிரொலியைக் கொண்டு நீர்ப்பரப்பு வரையுள்ள தூரத்தை அளக்கும் மீயொலி சென்சாரின் வலைக்கண்களில் உப்பு படிந்திருந்தது. கடலை ஒட்டிய தெருக்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

கம்பிகளை நேரடியாக சால்டர் செய்து, இணைப்புகளின் மேல் நிறமற்ற நெயில் பாலிஷ் தடவி, பழைய சென்சாருக்குப் பதிலாக நீர்புகாத ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி மீயொலி சென்சாரைப் பொருத்தினேன். ஏறத்தாழ 25 செ.மீ.க்குள் இருப்பதை அது சரியாக அளக்காது என்பதால், தொட்டி நிரம்பினாலும் அந்த இடைவெளி எஞ்சும்படி உயர்த்திக் கட்டினேன். அதன் எக்கோ முனை (அளவீட்டைத் தெரிவிக்கும் முனை) தரும் 5 வோல்ட்டை, 1 கிலோஓம், 2 கிலோஓம் மின்தடைகளால் ஈஎஸ்பி8266-க்கு ஏற்ற 3.3 வோல்ட்டாகக் குறைத்தே இணைத்திருக்கிறேன்.