பெரம்பலூர்க் கரிசலில் மக்காச்சோளம்: நான் போடும் விதம்

பெயரில்தான் மக்கா, பிறந்த மண் மெக்சிகோ. அங்கே தியோசின்டே என்ற புல்லிலிருந்து சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் உருவான பயிர். சரி, விதைப்புக்கு வருவோம்.

புரட்டாசி ஈரத்தில் ஏக்கருக்கு 8 கிலோ வீரிய விதை. வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 25. ஆசைப்பட்டு நெருக்கினால் கதிர் சிறுத்துவிடும்.

அப்புறம் படைப்புழு. 2018இல் இந்தியாவுக்குள் வந்தது. அந்த வருஷம் என் காட்டில் இலையெல்லாம் சல்லடை. இப்போது முளைத்த வாரத்திலிருந்தே விடியலில் குருத்தைப் பிரித்துப் பார்க்கிறேன். ஈர மரத்தூள் மாதிரி எச்சம் கிடந்தால் புழு உள்ளேதான். தலையில் தலைகீழ் ‘ஒய்’ கோடு, வால் பக்கம் சதுரமாக நான்கு புள்ளி.

அறுப்புக்கு மட்டை காய்ந்தால் மட்டும் போதாது. ஒரு மணியைப் பெயர்த்து அடியைப் பாருங்கள். கறுப்பு தட்டியிருந்தால் ஆளைக் கூப்பிடலாம்.